அம்மாவோடு தில்லி, மூன்று நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வண்டல்மண் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரி இரண்டாவது வாரம் அம்மாவைத் தில்லிக்கு அழைத்துப் போகிறேன். அம்மாவுக்கு 71 வயது. முட்டிவலி உண்டு. சமதரையில் அரைமணி நேரம் நடப்பார், படி என்றால் கைப்பிடி வேண்டும். கையில் முழுசாக மூன்று நாள் இருக்கிறது.

தம்பி ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறான். செங்கோட்டை, ஜும்மா மசூதி, சாந்தினி சௌக், ராஜ்காட், இந்தியா கேட், குடியரசுத் தலைவர் மாளிகை, ஜந்தர் மந்தர், குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, லோதி தோட்டம், புராணா கிலா, தாமரைக் கோயில், அக்ஷர்தாம். மொத்தம் பதின்மூன்று. அம்மாவை வைத்துக்கொண்டு இத்தனையும் முடியாது. பாதியாவது குறைக்க வேண்டும்.

செங்கோட்டையை மட்டும் எடுக்க முடியாது. அம்மாவின் அப்பா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா வரைக்கும் போனார். போர் முடிந்து ரங்கூனில் பிடிபட்டு, அப்புறம் கப்பலில் சென்னை வந்து மன்னார்குடி பக்கம் ஊர் சேர்ந்தார். "சலோ தில்லி, சலோ தில்லின்னு கத்திக்கிட்டே நடந்தோம், தில்லியைக் கண்ணால பாக்கலியே" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருப்பாராம். அவருக்குப் பதிலாகத்தான் அம்மா வருகிறார். மற்ற இடங்களைப் பற்றி உங்கள் யோசனை வேண்டும்.


கரோல்பாக்_வாசி எழுதியது:

தங்கச்சி, முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் தாமரைக் கோயிலையும் அக்ஷர்தாமையும் எடுத்துவிடுங்கள். ஒன்று 1986இல் திறந்தது, இன்னொன்று 2005இல். இரண்டும் அழகானவைதான். ஆனால் இரண்டிலும் வரிசையில் நின்றே அரைநாள் போய்விடும். முட்டிவலிக்காரர்களுக்கு நடப்பதைவிட நிற்பதுதான் கஷ்டம்.

இரண்டாவது, ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே பழைய தில்லி ஒரு நாள். தெற்கே குதுப் மினார் இருக்கும் மெஹ்ரோலி பக்கம் ஒரு நாள். நடுவில் ஹுமாயூன் கல்லறை இருக்கும் நிஜாமுதீன், லோதி தோட்டம், இந்தியா கேட் ஒரு நாள். காலையில் செங்கோட்டை, மதியம் குதுப், சாயங்காலம் ராஜ்காட் என்று போட்டால் பாதிப் பொழுது வண்டியில்தான் போகும்.

மூன்றாவது, திங்கட்கிழமை செங்கோட்டை கிடையாது, விடுமுறை. ஞாயிறு காலை வந்து இறங்கி "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டவர்கள் நிறையப் பேர்.

வண்டி விஷயம். ஒருநாள் வாடகைக்கு வண்டி பேசினால் கடைகளுக்குக் கூட்டிப் போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் அத்தையைக் கூட்டிப்போனவர் கம்பளிக் கடை, பளிங்குக் கடை என்று மூன்று கடைகளில் நிறுத்தி, ஹுமாயூன் கல்லறைக்கு நாங்கள் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. பாவம், அத்தை வாசலோடு திரும்பினார். மெட்ரோவில் மின்தூக்கி இருக்கிறது. ஊதா வழித்தடத்தில் லால் கிலா, அதாவது செங்கோட்டை என்றே ஒரு நிலையம் உண்டு.


கல்தச்சன் எழுதியது:

குதுப் மினாரை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். நான் கட்டடப் பொறியாளன். அந்த வளாகத்துக்கு நான்கு முறை போயிருக்கிறேன், இன்னும் பார்த்து முடியவில்லை.

எல்லாரும் மினாரை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 72.5 மீட்டர் உயரம், பார்க்க வேண்டியதுதான். ஆனால் பக்கத்து மசூதி முற்றத்தில் ஒரு பெரிய கல் திரை நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வளைவுகள் போலத் தெரியும். கிட்டே போய்க் கல் எப்படி அடுக்கியிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு, படுக்கை வாட்டிலேயே மேலே ஏறி உச்சியில் இரண்டு பக்கமும் வந்து முட்டுகிறது. வளைவின் உருவம் இருக்கிறது, வளைவின் வேலை இல்லை.

ஏன் அப்படி? 1199 வாக்கில் கட்டச் சொன்னவர்களுக்கு வளைவு வேண்டும். கட்டிய உள்ளூர்த் தச்சர்களுக்குத் தெரிந்தது தூணும் உத்தரமும் நீட்டி அடுக்குவதும்தான். கையிலிருந்த வித்தையை வைத்தே கேட்ட உருவத்தைச் செய்து கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவுக்குள் தில்லி சுல்தான் பல்பனின் கல்லறை இருக்கிறது. 1287 வாக்கில் கட்டியது, கூரை போய்விட்டது. அதில்தான் ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை வைத்த நிஜ வளைவு வருகிறது. அப்புறம் குதுப் வளாகத்துக்குள்ளேயே 1311இல் கட்டிய அலாய் தர்வாசா என்கிற வாசல். வளைவும் கும்மட்டமும் அதில் தயக்கமில்லாமல் நிற்கின்றன. சுமார் நூறு வருஷத்தில் ஒரு தொழில் எப்படிக் கை மாறியது என்று ஒரு நடை தூரத்தில் பார்த்துவிடலாம். இப்படி இன்னொரு இடம் எனக்குத் தெரியாது.

அம்மாவுக்குக் கால் வலித்தால் புல்தரையில் ஒரு சின்னக் கல் மண்டபம் இருக்கும், அதன் பக்கம் உட்காரச் சொல்லுங்கள். 1803 நிலநடுக்கத்தில் மினார் சேதப்பட்டபோது, பழுது பார்த்த ராபர்ட் ஸ்மித் என்கிற ஆங்கிலேயப் பொறியாளர் 1828இல் உச்சியில் வைத்த கூடு அது. பொருந்தவில்லை என்று 1848இல் கீழே இறக்கி வைத்துவிட்டார்கள்.


அந்திமழை88 எழுதியது:

மினாருக்குள்ளே ஏற முடியுமா? எங்கள் அப்பா கல்லூரிச் சுற்றுலாவில் ஏறியதாகச் சொல்வார்.


கரோல்பாக்_வாசி எழுதியது:

அப்பா சொன்னது சரி, அப்போது ஏறலாம். 1981 டிசம்பர் 4 அன்று படிக்கட்டில் விளக்கு அணைந்து நெரிசல் ஏற்பட்டு 45 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அன்றைக்கு மூடிய கதவுதான். 379 படி.


உலைக்களம் எழுதியது:

கல்தச்சன் சார் கல்லைப் பற்றிச் சொன்னார். நான் இரும்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு கேட்காது.

அதே முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண், உயரம் ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், எடை ஆறு டன்னுக்கு மேல். சந்திரன் என்ற அரசனைப் பற்றிய சமஸ்கிருதக் கல்வெட்டு அதில் இருக்கிறது. இரண்டாம் சந்திரகுப்தர்தான் அவர் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அப்படியென்றால் சுமார் 1600 வருஷம். வெயில், மழை எல்லாம் பட்டும் துருப்பிடித்து உதிரவில்லை.

"இன்றைக்கும் விளங்காத மர்மம்" என்று கைபேசியில் சுற்றுகிற செய்தியை நம்ப வேண்டாம். கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் இதைப் பற்றி வருஷக்கணக்கில் ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். கரியைப் போட்டு உருக்கிய அந்தக் கால இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரவர, அந்த பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. துரு உள்ளே இறங்காமல் அந்தப் படலம் காக்கிறது. தூணில் துரு இல்லாமல் இல்லை. முதலில் பிடித்த துருவே கவசமாகிவிட்டது.

அந்தக் காலத்தில் முதுகைத் தூணில் ஒட்டி நின்று கைகளைப் பின்னால் கோத்தால் நினைத்தது நடக்கும் என்று எல்லாரும் கட்டிப்பிடிப்பார்கள். ஆள் உயரத்துக்கு அந்த இடம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கும். 1997இல் வேலி போட்டுவிட்டார்கள், நல்லதுதான். வேலிக்கு வெளியே நின்றே அந்த நிற மாற்றத்தைப் பார்க்கலாம்.


செம்பியன்_வழி எழுதியது:

எல்லாரும் கட்டடக் கலையைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த முற்றத்துத் தூண்கள் எங்கிருந்து வந்தவை என்பதையும் சொல்லிவிடுங்கள். 27 கோயில்களை இடித்து எடுத்த பொருளால் கட்டியது என்று மசூதியின் வாசல் கல்வெட்டே சொல்கிறது. போன வருஷம் போனபோது அந்தத் தூண்களில் சங்கிலியும் மணியும் செதுக்கியிருப்பதைப் பார்த்து எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அழகு என்று மட்டும் பார்த்துவிட்டு வர என்னால் முடியவில்லை.


கல்தச்சன் எழுதியது:

சகோ, நீங்கள் சொல்வது உண்மை. நான் சொல்லாமல் விட்டது தவறு. உயரம் போதாமல் ஒரு தூண்மேல் இன்னொரு தூணை ஏற்றி வைத்திருக்கிறார்கள். கவனித்தால் இரண்டின் வேலைப்பாடும் வேறு வேறாக இருக்கும், இரண்டு வேறு கோயில்களின் தூண்கள். செதுக்கியவன் கையும் தெரிகிறது, பிடுங்கி வந்ததும் தெரிகிறது. அம்மாவிடம் இரண்டையும் சொல்லித்தான் காட்ட வேண்டும். நான் போகும்போதெல்லாம் அதிக நேரம் நிற்பது அந்தத் தூண் வரிசையில்தான்.


நிழற்குடை எழுதியது:

என் ஓட்டு ஹுமாயூன் கல்லறைக்கு. காரணம் சொல்கிறேன்.

தாஜ்மகாலுக்கு எழுபது, எண்பது வருஷம் முந்தியது இது. ஹுமாயூனின் மனைவி ஹாஜி பேகம் முன்னின்று கட்டுவித்தது, 1572 வாக்கில் முடிந்தது. பாரசீகத்திலிருந்து வந்த மீரக் மிர்சா கியாஸ் கட்டடக் கலைஞர். செம்மணற்கல்லும் வெள்ளைப் பளிங்கும், நாலு பக்கமும் நீரோடை ஓடும் தோட்டமும். சாயங்கால வெயில் பட்டால் அந்தச் சிவப்புக்கு ஒரு கனிவு வரும்.

ஆனால் நான் போவது கட்டடத்துக்காக மட்டும் இல்லை. 1857 செப்டம்பரில் தில்லி விழுந்தபோது கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜாபர் தஞ்சம் புகுந்தது இங்கேதான். 81 வயதுக் கிழவர், இங்கேதான் சரணடைந்தார். ரங்கூனுக்கு நாடு கடத்தி, அங்கேயே 1862இல் இறந்தார். அப்புறம் 1947இல் பிரிவினை அகதிகள் ஆயிரக்கணக்கில் இந்தத் தோட்டத்தில் கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். புராணா கிலாவிலும் அப்படித்தான். தஞ்சம் என்று வந்தவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்த கல்லறை இது.

படி விஷயம். மேல்மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்து, உயரமும் அதிகம். அம்மா ஏற வேண்டாம். நுழைந்ததும் வலது பக்கம் ஈசா கான் கல்லறை இருக்கும். 1547ஆம் வருஷத்தது, பெரிய கல்லறைக்கும் மூத்தது. எண்கோண வடிவம், சுற்றிலும் மதில். அங்கே நிழலில் உட்காரலாம். எதிரில் சுந்தர் நர்சரி தோட்டம், நடைபாதை சமமாக இருக்கும்.


வண்டல்மண் எழுதியது:

ஜாபர் ரங்கூனில் இறந்தார் என்று படித்ததும் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. ஜாபர் கல்லறைக்கு நேதாஜி போய் மரியாதை செலுத்தினார் என்று தாத்தா அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். தில்லியின் ராஜா ரங்கூனில் கிடக்கிறார், நாம் ரங்கூனிலிருந்து தில்லிக்குப் போகிறோம் என்று படையில் பேசிக்கொள்வார்களாம். நிழற்குடை அக்கா, ஹுமாயூன் கல்லறை உறுதி.


ஈப்போ_பேரன் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் மலேசியா, ஈப்போ. என் பாட்டி நேதாஜியின் ஜான்சி ராணி படையில் இருந்தவர். தோட்டத்துப் பெண்கள்தான் அந்தப் படையில் அதிகம், கேப்டன் லட்சுமி தலைவி. போன வருஷம் பாட்டியின் நினைவாக நானும் செங்கோட்டைக்குப் போய் வந்தேன். அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

சுற்றுலா வழிகாட்டிகள் நேராக திவான்-இ-ஆம், திவான்-இ-காஸ் என்று ஷாஜகான் கட்டிய மண்டபங்களுக்குக் கூட்டிப் போவார்கள். 1639இல் தொடங்கி 1648இல் முடித்த கோட்டை, பார்க்க வேண்டியதுதான். மயிலாசனம் இருந்த இடம், 1739இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா கொள்ளையிட்ட கதை எல்லாம் சொல்வார்கள். ஜாபரை 1858இல் விசாரணைக்கு நிறுத்தியதும் திவான்-இ-காஸில்தான், தன் சொந்த தர்பாரிலேயே. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் உள்ளே இருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை இடித்துவிட்டு ராணுவக் குடியிருப்பு கட்டினார்கள். நடுவில் அவ்வளவு வெற்றிடம் இருப்பது அதனால்தான்.

நமக்கு வேண்டியது அந்தக் குடியிருப்புகளின் பக்கம். லாகூர் வாசலில் நுழைந்து சத்தா சௌக் கடைத்தெருவைத் தாண்டியதும் எல்லாரும் நேரே போவார்கள். நீங்கள் இடது பக்கம் திரும்புங்கள். நேதாஜிக்கும் ஐஎன்ஏ என்கிற இந்திய தேசிய ராணுவத்துக்கும் 2019இல் திறந்த அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. சீருடை, பதக்கங்கள், நேதாஜி உட்கார்ந்த மரநாற்காலி, அவருடைய வாள் எல்லாம் உண்டு.

அதன் பக்கத்திலேயே ஒரு படிக்கிணறு. அதைத் தவறவிட வேண்டாம். 1945 நவம்பரில் ஐஎன்ஏ அதிகாரிகள் மேல் ஆங்கிலேயர்கள் நடத்திய விசாரணை செங்கோட்டையில் நடந்தது இல்லையா? ஷா நவாஸ் கான், பிரேம் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூன்று பேரையும் அந்தக் கிணற்றை ஒட்டிய அறைகளில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களுக்காகப் பூலாபாய் தேசாய் வாதாடினார், நேரு பல வருஷம் கழித்து வழக்கறிஞர் அங்கி போட்டு வந்து உட்கார்ந்தார். ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு. ஊரெல்லாம் கொந்தளித்ததில் 1946 ஜனவரியில் அந்தத் தண்டனையை ரத்து செய்து விட்டுவிட்டார்கள். நான் போனபோது கிணற்றுப் பக்கம் வேறு ஒருவரும் இல்லை.


கரோல்பாக்_வாசி எழுதியது:

முப்பது வருஷத்தில் இருபது தடவையாவது செங்கோட்டைக்குப் போயிருப்பேன். கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறேன், அது சிறை என்று தெரியாது. நன்றி தம்பி. அடுத்த ஞாயிறே போகிறேன்.

தங்கச்சி, அப்படியானால் முதல் நாள் முழுவதையும் செங்கோட்டைக்கே வைத்துவிடுங்கள். வாசலில் சக்கர நாற்காலி கேட்டுப் பாருங்கள்.


ஏடும்_எழுத்தும் எழுதியது:

பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்லலாமா? பெரோஸ் ஷா கோட்லா. தில்லி கேட் மெட்ரோவுக்குப் பக்கம். இடிந்த கோட்டையின் உச்சியில் ஓர் அசோகர் தூண் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் இதை இன்றைய ஹரியானாவில் இருக்கும் தோப்ராவிலிருந்து கொண்டு வந்தார். பஞ்சு மெத்தை பரப்பி அதன்மேல் தூணைச் சாய்த்து, நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் ஏற்றி, அப்புறம் யமுனையில் படகில் வைத்துக் கொண்டு வந்ததாக அந்தக் கால வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டு வந்தவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை.

1837 வாக்கில் ஜேம்ஸ் பிரின்செப் என்கிற ஆங்கிலேயர் அசோகர் காலத்துப் பிராமி எழுத்தை வாசித்தபோது இந்தத் தூணின் வரிகளும் அவர் கையில் இருந்தன. அந்த வாசிப்பு இல்லையென்றால் மதுரைப் பக்கம் இருக்கும் நம் மாங்குளம் குகையின் தமிழ்-பிராமிக் கல்வெட்டைப் பின்னால் வாசித்திருக்க முடியாது. தமிழ் எழுத்தின் வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் அந்தத் தூணுக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் நிற்க வேண்டும். வியாழக்கிழமை போனால் இன்னொன்றும் பார்க்கலாம். அங்கே ஜின்கள் என்கிற ஆவிகள் இருப்பதாக நம்பி, சனங்கள் மனக்குறையைக் கடிதமாக எழுதி இருட்டறைகளில் வைத்து விளக்கேற்றுகிறார்கள்.


வண்டல்மண் எழுதியது:

முடிவு பண்ணிவிட்டேன். செங்கோட்டை ஒரு நாள். ஹுமாயூன் கல்லறையும் சுந்தர் நர்சரியும் ஒரு நாள், சாயங்காலம் இந்தியா கேட். கடைசி நாள் குதுப். பதின்மூன்று இப்போது நாலாகிவிட்டது. தம்பிக்குத்தான் வருத்தம், "இவ்வளவு தூரம் போய் நாலே இடமா" என்கிறான். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.


வண்டல்மண் எழுதியது:

போய் வந்துவிட்டோம். எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள், வந்ததும் அறுவடை வேலை.

கடைசி நாளை முதலில் சொல்லிவிடுகிறேன். குதுப்பில் அம்மாவுக்குப் பிடித்தது மினார் இல்லை, தூண் வரிசைதான். ஒரு தூணில் மணியைப் பார்த்து "நம்ம கோயில் மணி மாதிரியே இருக்குடி" என்றார். எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, புடவைத் தலைப்பால் அந்த மணிமேல் இருந்த தூசியைத் துடைத்தார். இந்தியா கேட்டில் பெயர்களை வாசிக்க முயன்றோம், தூரமாக நிறுத்திவிட்டார்கள். 13,000க்கு மேல் பெயர்களாம். வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்களுக்கு இவ்வளவு பெரிய வாசல் என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னால் மண்டபத்தில் ஐந்தாம் ஜார்ஜ் சிலை இருந்த இடத்தில் இப்போது நேதாஜி நிற்கிறார், 2022இல் வைத்தது. அதைக் காட்டியதும் முகம் மாறியது. அங்கேயே புல்லில் உட்கார்ந்து கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டோம்.

செங்கோட்டை. ஈப்போ தம்பி சொன்னபடி இடது பக்கம் திரும்பினோம். அருங்காட்சியகத்தில் சீருடை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அம்மா ரொம்ப நேரம் நின்றார். "அப்பாவுக்குத் தோள் அகலம், இது சின்னதா இருக்கு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் கிணறு. மேலேயிருந்து பார்த்தால் இரண்டு பக்கத்திலிருந்து படிகள் இறங்கி ஒரு மூலையில் சேர்கின்றன, அங்கே எண்கோணமாகக் கிணறு. பக்கத்தில் வளைவு வளைவாக அறைகள், கம்பி போட்டு அடைத்திருக்கிறது. தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. புறாக்கள் மட்டும் பறந்துகொண்டிருந்தன. அந்த அறைகளில் அடைத்திருந்தார்கள் என்று சொன்னேன். அம்மா கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்துவிட்டு, "தண்ணி இறைக்கிறதில்லையா? இறைக்காட்டி கெட்டுப்போயிடுமே" என்று அங்கே நின்ற காவலரிடம் தமிழிலேயே கேட்டார். அவருக்குப் புரியவில்லை, தலையை ஆட்டினார். "அப்பா மலாயாலேர்ந்து வந்து முதல்ல கொல்லையில கிணறுதான் வெட்டினாரு. வேற எதையும் கட்டலை" என்றார் என்னிடம். இந்தக் கதையை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பர்மாவில் தாத்தாவுக்குக் காலில் பட்ட காயம், ரங்கூன் சிறையில் அரிசிக் கஞ்சி, கப்பலில் வந்தபோது கூட இருந்த பட்டுக்கோட்டைக்காரர் என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். திவான்-இ-காஸுக்கு நாங்கள் போகவே இல்லை. நேரம் ஆகிவிட்டது.


ஈப்போ_பேரன் எழுதியது:

அக்கா, அந்தப் பட்டுக்கோட்டைக்காரர் பெயர் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இங்கே இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன, விசாரித்துப் பார்க்கிறேன்.


வண்டல்மண் எழுதியது:

கேட்டேன் தம்பி. பெயர் தெரியவில்லை, "சிங்கப்பூரான்" என்றுதான் தாத்தா கூப்பிடுவாராம். அம்மா சொன்னது எல்லாவற்றையும் நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். தனிமடலில் அனுப்புகிறேன், பாட்டி சொன்னதோடு ஒத்துப் பாருங்கள்.